நேரடியாக

படிவத்தில் அந்தப் பெட்டி
என் கட்டைவிரல் அகலம்.
'நேரடியாக' என்ற சொல் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.
ஆபத்து எது, யாருக்கு என்பதை
நான் நிரப்ப வேண்டும்.
உயிருக்கு, என்று எழுதினேன். தன் உயிருக்கு.
இரவு மணி இரண்டு பத்து.
ஓல்ஷ்டின் நகரத்து ஏரிகள் எல்லாம்
இறுகிக் கிடந்த ஜனவரி.

வித்தோல்ட். டிராம் ஓட்டுநர். நாற்பத்தாறு வயது.
இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே
வண்டியை நிறுத்தி இறங்கி
தண்டவாளத்தில் காது வைத்திருக்கிறார்.
மைனஸ் பதினொன்று.
இரும்பு காதை விடவில்லை.
தீயணைப்புக்காரன் ஒருவன்
பிளாஸ்கில் இருந்த தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றிப்
பிரித்தெடுத்தானாம்.
காயத்தில் சர்க்கரை ஒட்டுகிறது என்றாள்
கட்டுப் போட்ட யாத்விகா.

கீழே யாரோ மூச்சு விடுகிறார்கள், என்றார்.
யார் என்று தெரியுமா?
தெரிந்தால் எதற்குக் காது வைக்கிறேன், டாக்டர்.

ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.
எனவே இன்னொரு மருத்துவர் எழுப்பப்பட்டார்,
வார்டுத் தலைவர் எழுப்பப்பட்டார்,
நீதிமன்றத்துக்குக் கடிதம் போனது.
ஒருவர் மேல் கதவைச் சாத்த
இத்தனை பேர் தூக்கம் கெட வேண்டும்.
முணுமுணுத்தேன்தான்.
ஆனால் அடித்தளக் கோப்பறையில்
ஸ்டெஃபானியா என்றொருத்தியின் தாள்களைப் பார்த்திருக்கிறேன்.
சேர்ந்தது அறுபத்தொன்றில்.
காரணம்: அண்ணன் அழைத்து வந்தார்.
அவ்வளவே.
வெளியேறிய தேதிக்கான கோட்டின் மேல்
இறந்த தேதி.
யார் தூக்கமும் கெடவில்லை.

மறுநாளே வந்துவிட்டார் நீதிபதி ஹலினா வோய்தா.
வார்டின் வெப்பத்தில் கண்ணாடி வெளுத்துப்போக
ஒரு நிமிடம் எங்கள் யாரையும் காணாமல்
கைப்பை எந்தப் பக்கம் என்று துழாவினார்.
பிறகு என் மேசையை விட்டுவிட்டு
அவர் கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தார்.

கதவுகளைத் திறந்தீர்களா?
முதலில் அதைத்தான். குழந்தை வண்டிக்காரிக்குத் தாழ்படியும் இறக்கினேன்.
அபாய விளக்கு?
போட்டேன்.
எதிர்த் தடத்து வண்டி?
ரேடியோவில் சொல்லி நிறுத்தினேன்.
முப்பது வினாடி கேட்டேன் அவர்களிடம்,
குளிர் அதிகம் எடுத்துக்கொண்டது.

பிறகு அவர் கேட்டார்:
அம்மா, மூச்சு உண்மை என்று நிரூபிக்க வேண்டுமா,
நான் ஆபத்தில்லை என்றா?
இரண்டாவதைப் பற்றி மட்டும்தான்
எனக்கு அதிகாரம், என்றார் நீதிபதி.
கட்டுப்போட்ட காதையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: இன்று காது.
நாளைக்குத் தலை.
நாளை என்ற சொல் இந்தப் பிரிவில் இல்லையே, டாக்டர்.
குரலில் கடுமை இல்லை.
தனக்கும் அது பிடிக்காதது போல.

கைப்பட எழுதினார்.
எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது,
எழுதி முடித்தார்.
பன்னிரண்டு மாத்திரைகளும் ஒரு வரும் தேதியும் கொடுத்தேன்.
நன்றி என்று வாங்கிக்கொண்டு
தொப்பியைக் காதுக்கு மேல் படாமல் வைத்தார்.
சாவியைத் திருப்பியது என் கைதான்.

அந்தத் தேதிக்கு அவர் வரவில்லை.
இரண்டுமுறை தொலைபேசி, ஒரு கடிதம்,
அதற்கு மேல் போக எனக்கு வழியில்லை.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவரைக் கேள் என்று
நீதிபதிக்குச் சொன்ன சட்டம்
அப்புறம் கேட்க
யாருக்கும் கெடு வைக்கவில்லை.

ஏப்ரலில் ஏரி உடைந்தது.
மாலை வண்டியில் அந்த வளைவு வரும்போது
காதில் இருந்து இசைக்கருவியைக் கழற்றுகிறேன்.
சக்கரம். பிரேக்.
பக்கத்தில் ஒரு பையன் மூக்குறிஞ்சுகிறான்.
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறது
பதிவு செய்த பெண் குரல்.